ஐயோ மிஸ்ஸின் கையெழுத்து

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. சனிக்கிழமை. பதினான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிரேக்கில் படிந்திருந்த கரித்தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவள் அக்கா வேலை பார்த்த ஆங்கிலப் பள்ளியின் வரவேற்பு மேசைப் பெண். அவளுக்கும் எனக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் மட்டும்தான்.

"உங்க அக்கா வகுப்புல தூங்கிக்கிட்டிருக்காங்க. பிள்ளைங்க எழுப்பிக்கிட்டிருக்காங்க. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு" என்றாள்.

மூன்று வாக்கியங்கள். மூன்றிலும் வினைச்சொல்லின் கடைசியில் 'இங்' தவறாமல் இருந்தது. இரண்டு மாதமாகச் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள்: ஒரு காரியம் இன்னும் முடியவில்லை என்றால் 'இங்' போடு. பாடம் நன்றாகவே பதிந்திருக்கிறது. முடிந்துபோன காரியத்துக்கு என்ன போடுவது என்பது அடுத்த பாடம். அதை எடுப்பதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அக்கா ஆங்கில இலக்கியம் படித்தவள். ஊரில் ஒரு பள்ளியில் பதினேழு வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவு நீளமான விளக்கத்தை வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அம்மா போன பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்காக நான் வந்து சேர்ந்திருந்த இந்த ஊருக்கு வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. தம்பிக்குச் சமைத்துப்போடப் போயிருக்கிறாள் என்று உறவுக்காரர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். வந்த முதல் வாரமே, "உன் சமையல் ஒண்ணும் மோசமில்லடா, நீயே பண்ணு" என்று அந்தப் பெருமைக்கு ஒரு முடிவு கட்டினாள்.

மூன்று வாரம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். நான்காவது வாரம் காய்கறி வாங்கப் போனவள் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தாள். கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், இரண்டாவது மாடியில் குழந்தைகளுக்கான ஆங்கிலப் பள்ளி. பலகையில் இங்கிலீஷ் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். நடுவே ஓர் 'ஐ' இல்லை. வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போயிருப்பார்கள். அக்கா பையோடு இரண்டு மாடி ஏறினாள்.

"ஐயைக் காணோம்" என்று அங்கே இருந்த முதலாளியம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலத்தில் 'ஐ' என்றால் 'நான்' என்றும் பொருள் உண்டு அல்லவா? அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்தில் நன்றாகத் தெரிந்த சொல்லே அதுதான். 'நான்' என்று தொடங்கியதால், வேலை கேட்டு வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். குழந்தைகளைப் பிடிக்குமா, பாடத் தெரியுமா, ஆடத் தெரியுமா என்று மூன்று கேள்வி கேட்டார். பிடிக்கும், சுமாராகத் தெரியும், தெரியாது. வேலை கிடைத்தது. பலகையில் அந்த எழுத்து இன்றுவரை வரவில்லை. ஆறு வருடம் அக்கா அதன் கீழேதான் போய்வந்தாள்.

கிடைத்த வேலையின் பெயர் உதவியாளர். ஆசிரியர் என்ற பதவியில் வேறொருவர் இருந்தார். அவர் கண் நீலம், முடி வைக்கோல் நிறம், உயரம் ஆறடி இரண்டு அங்குலம். தகுதிப் பட்டியல் அவ்வளவுதான். பள்ளியின் துண்டுப் பிரசுரத்திலும் நகரப் பேருந்துகளின் முதுகிலும் அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் என்று பெற்றோர் நம்பினார்கள். உண்மையில் அவர் ஆங்கிலம் பேசாத ஏதோ குளிர்நாட்டுக்காரர். அந்த நாட்டில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர். இருநூறு ஆங்கிலச் சொற்களும் ஐந்து கம்பி மிச்சமிருந்த ஒரு கிதாரும் அவரிடம் இருந்தன. அக்கா முதல் நாளே அவருக்குத் துரை என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஏன்க்கா, அந்தாளு என்னதான் பண்றாரு?" என்று கேட்டேன்.

"வெள்ளையா இருக்காரு."

"நாள் முழுக்கவா?"

"ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும். நடுவுல சாப்பாட்டுக்கு அரைமணி விடுவாங்க."

ஏற்பாடு இதுதான். வகுப்பறைக் கதவில் பெரிய கண்ணாடி பதித்திருந்தது. பெற்றோர் அதன் வழியாகப் பார்ப்பார்கள். அக்கா அந்த அறையை மீன்தொட்டி என்பாள். துரை கண்ணாடிக்கு நேராகக் கிதாரோடு நிற்பார். அக்கா ஓரத்தில், மூட்டு நெஞ்சில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவாள். வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு, அன்றைக்கு என்ன பாடம், அதை எப்படி உச்சரிப்பது என்று துரைக்குத் தனியாக ஒரு வகுப்பு நடக்கும். பாடம் நடத்துகிறவள் உதவியாளர், உதவிக்கு நிற்கிறவர் ஆசிரியர். நிர்வாகம் என்றால் சும்மாவா?

அக்காவின் பெயர் குழந்தைகள் வாயில் நுழையாது என்று முதலாளியம்மா தீர்மானித்தார். குழந்தைகளைக் கேட்கவில்லை. அவரிடம் ஒரு பழப் பட்டியல் இருந்தது. "ஆப்பிள் போன மாசம்தான் வேலைய விட்டுப் போனாங்க, புள்ளைங்க கொழம்பிடும். நீங்க செர்ரி" என்றார். நாற்பத்தைந்து வயதில், சர்க்கரை நோய் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என் அக்கா செர்ரி மிஸ் ஆனாள்.

அந்தப் பெயர் எட்டு மாதம்கூட நிலைக்கவில்லை. வகுப்பறைச் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: வாய் ஒன்றின் படம், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. தாய்மொழி பேசக்கூடாது என்று அர்த்தம். யாருடைய தாய்மொழி என்று அதில் சொல்லவில்லை. குழந்தைகள் தங்கள் மொழியை அடக்கிக்கொண்டார்கள். அக்காவுடையது தப்பி ஓடிவிட்டது. பென்சில் விழுந்தால் "ஐயோ". தண்ணீர் கொட்டினால் "ஐயய்யோ". ஒருவன் மூக்கில் கடலையைத் திணித்துக்கொண்ட அன்று "ஐயய்யய்யோ". குழந்தைகள் காதைத் தீட்டிக்கொண்டு ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தவர்கள். மிஸ் வாயிலிருந்து வருவதெல்லாம் ஆங்கிலம்தானே? இரண்டே வாரத்தில் முப்பது குழந்தைகளும் ஐயோவை அட்சரம் பிசகாமல் பிடித்துவிட்டார்கள். அதிலும் அழகு, அவர்கள் அதைப் பெரியது, அதைவிடப் பெரியது, எல்லாவற்றிலும் பெரியது என்று ஒப்பீட்டு இலக்கணமாகவே கற்றுக்கொண்டதுதான். ஐயோ, ஐயய்யோ, ஐயய்யய்யோ.

தூங்குமூஞ்சி மிஸ் என்று ஒரு விளையாட்டும் வைத்திருந்தாள். மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக. மேசையில் தலை வைத்துக் குறட்டை விடுவாள். குழந்தைகள் சேர்ந்து, "மணி என்ன மிஸ்?" என்று மூன்று முறை கத்த வேண்டும். மூன்றாவது முறை துள்ளி எழுந்து, "ஐயய்யோ, மணி எட்டு!" என்பாள். அறை அதிரும். கண்ணாடிக்கு வெளியே பெற்றோர் கைதட்டுவார்கள். எங்கள் குழந்தை எவ்வளவு இயல்பாக ஆங்கிலம் பேசுகிறது என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் அடுத்த வருடப் பயிற்சிப் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில், கவிழ்ந்த பால் குவளைப் படத்துக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் ஐயோவை அச்சடித்தேவிட்டார். அக்காவுக்குப் புத்தகம் கைக்கு வந்தபிறகுதான் தெரியும். தெருவில் குழந்தைகள் அவளைப் பார்த்தால் இப்போது, "ஐயோ மிஸ்!" என்று ஓடிவந்தார்கள். மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற நான் என்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்வதைவிட இந்தப் பெயர் நேர்மையானது என்பது அவள் கருத்து.

இதெல்லாம் அவளை உறுத்தவில்லை. உறுத்தியது ஒன்றே ஒன்று. வருடக் கடைசியில் குழந்தைகளுக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். தடித்த தாள், ஓரத்தில் தங்க நிறக் கொடி, நடுவே குழந்தையின் பெயர். பெயரை எழுதுவது அக்கா. அடியில் 'ஆசிரியர்' என்று அச்சடித்த கோட்டின்மேல் கையெழுத்து, துரை. ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் முழுக் கட்டையும் போட்டு முடித்துவிடுவார். ஐந்து வருடம் அக்கா பக்கத்தில் நின்று மை உலர்த்தினாள். வீட்டுக்கு வந்து, "முட்டைய உருட்டிவிட்ட மாதிரி ஒரு கையெழுத்து" என்பாள். பதினேழு வருடம் தற்காலிகம், ஐந்து வருடம் உதவியாளர். சாவதற்குள் ஒரு தாளிலாவது 'ஆசிரியர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வாய்விட்டு அவள் அதைச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அவள் கையெழுத்தின் அருமை எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அப்பா எப்போதும் வெளியூர் வேலையில் இருந்ததால், எட்டாம் வகுப்பிலிருந்து என் மதிப்பெண் அட்டையில் அவள்தான் போடுவாள். தமிழில். லேசில் போட்டுவிட மாட்டாள். "மார்க்கு ஏன் கொறஞ்சுது? உன் வாயால ஒரு வரி சொல்லு, போடறேன்" என்பாள். 'கேள்வித்தாள் கடினம்' போன்ற பொதுவான சமாதானங்கள் செல்லாது. "கணக்கு நடக்கறப்ப ஜன்னல் வழியா லாரிய எண்ணிக்கிட்டிருந்தேன்" என்று உள்ளதைச் சொன்னால், சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள். ஒருமுறை நானே அவள் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு போனேன். மாலையில் பிடித்துவிட்டாள். "என் எழுத்துல கொம்பு இவ்வளவு மரியாதையா குனியாதுடா" என்றாள்.

இந்த வருடம் மார்ச்சில் ஒரு குழந்தையின் அப்பா முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து பிடித்தபடி முதலாளியம்மாவின் அறைக்குள் நுழைந்தார். இரண்டு வருடம் ஆங்கிலம் பேசும் நாட்டில் வேலை பார்த்தவர். அதை ஊரில் தெரியாதவர் இல்லை என்பதை அவரே உறுதிப்படுத்திவந்தார். அக்காவையும் துரையையும் கூப்பிட்டார்கள்.

"இந்த வார்த்தை எந்த ஊர் இங்கிலீஷ்? ரெண்டு வருஷம் இருந்திருக்கேன். ஒருத்தர்கூட ஐயோன்னு சொல்லி நான் கேக்கல" என்றார் அவர்.

"நீங்க இருந்தப்ப அவங்களுக்கு எல்லாம் நல்லபடியா நடந்திருக்கும்" என்றாள் அக்கா.

முதலாளியம்மாவுக்கு வியர்த்தது. புத்தகம் நானூறு பிரதி அச்சாகியிருந்தது. கடைசி நீதிமன்றமாக அவர் துரையின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. உங்க பாஷைதானே. இது இங்கிலீஷா இல்லையா?"

துரை அக்காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவருடைய ஆங்கிலத்தில் முக்கால்வாசி அக்காவிடம் வாங்கியது. அதில் எது ஆங்கிலம், எது அக்கா என்று பிரித்துப் பார்க்க அவரிடம் வழியில்லை. தெரியாது என்று சொன்னால் பேருந்துகளின் முதுகிலிருந்து அவர் முகத்தைச் சுரண்டிவிடுவார்கள்.

"நல்ல இங்கிலீஷ்" என்றார் துரை. அவர் ஆங்கிலத்தை அதன் லட்சணம் கெடாமல் தருகிறேன். "மிக நல்ல இங்கிலீஷ். என் அம்மா தினம் ஐயோ பேசும். காலை ஐயோ பேசும். சாயங்காலம் பெரிய ஐயோ பேசும்."

வந்தவர் ஒரு நிமிடம் யோசித்தார். "பழைய காலத்து இங்கிலீஷா இருக்கும். கேட்ட மாதிரிதான் இருக்கு" என்று புத்தகத்தை மூடினார்.

அன்று மாலை அக்கா இதை நடித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சும்மா இருக்க மாட்டாமல் கைப்பேசியில் பெரிய ஆங்கில அகராதியைத் தேடினேன்.

"அக்கா! ஐயோ உள்ள இருக்குக்கா!"

"எதுக்குள்ளடா?"

"டிக்‌ஷனரிக்குள்ள. சில வருஷம் முன்னாடியே சேத்துட்டாங்க. அர்த்தமெல்லாம் போட்டிருக்கு."

"என்னன்னு போட்டிருக்கான்?"

"வருத்தம், ஆச்சரியம்... இப்படிப் போகுது."

"அவ்வளவுதானா? கத்துக்கட்டும், இப்பத்தானே சேந்திருக்கான்" என்று அக்கா துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு, பெரிய மனது பண்ணி, "உனக்கு என்ன வேணும், கேளு" என்றாராம். புத்தகங்கள் பிழைத்த மகிழ்ச்சி. அக்கா சம்பளம் கேட்கவில்லை, விடுமுறை கேட்கவில்லை. இந்த வருடச் சான்றிதழ்களில் தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

"பெத்தவங்க அவர் கையெழுத்தைத்தானே எதிர்பார்ப்பாங்க?" என்று முதலாளியம்மா பக்கத்தில் நின்ற துரையைப் பார்த்தார்.

"எனக்குக் கை வலி" என்றார் துரை.

"எந்தக் கை?"

"ரெண்டும்."

மீன் பெட்டிக்கு ஆணி அடித்த கை. அதற்கு வலிக்கிறது என்றால் யார் மறுக்க முடியும்? மாதிரிக்கு ஒன்று போட்டுக்காட்டச் சொன்னார் முதலாளியம்மா. அக்கா எப்போதும் போலத் தமிழில் போட்டாள். அவர் தாளை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

"ஆஹா! இதுதான் அசல் இங்கிலீஷ் கூட்டெழுத்து. எங்க ஆளுங்களுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி வராது."

"வராதுதான்" என்றாள் அக்கா.

வீட்டில் நான் கேட்டேன்: "தமிழ்னு சொல்லியிருக்கலாமேக்கா?"

"பாராட்டறவங்கள நடுவுல மறிக்கக் கூடாதுடா. எனக்கு மரியாதை தெரியும்."

மொத்தம் முப்பத்தெட்டுச் சான்றிதழ்கள். ஞாயிற்றுக்கிழமை விழா. அவள் திங்கட்கிழமை ஆரம்பித்தாள். துரை மாதிரி கட்டாகப் போட்டுத் தள்ளவில்லை. என்னிடம் செய்ததையே அந்தக் குழந்தைகளிடமும் செய்தாள். தாளை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "உன் வாயால ஒரு வரி சொல்லு. புத்தகத்துல இருக்கறது வேணாம். உன்னுது" என்பாள். சொன்னால் கையெழுத்து. ஒரு பெண் குழந்தை, "எங்க அப்பாவுக்கு எங்க அம்மான்னா பயம்" என்றது. உடனே போட்டாள். ஒரு பையன், "பல் டாக்டர் தொட்டியில மீன் செத்துப்போச்சு, டாக்டருக்கு இன்னும் தெரியல" என்றான். அதற்கும் போட்டாள். இன்னொருத்தி, "எனக்கு இங்கிலீஷ் பிடிக்காது" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்குக் கொம்பைக் கூடுதலாகவே வளைத்துப் போட்டதாக அக்கா சொன்னாள். தினமும் சாப்பாட்டு மேசையில் எனக்கு இந்த வரிகள்தான் கிடைத்தன. முப்பது வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பேனா நிப்பைத் துடைக்க என்று என் நல்ல பனியன் ஒன்றைக் கிழித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் முப்பத்திநான்கு முடிந்தது. இரண்டு பேருக்கு அம்மை. ஒருத்தி வெட்கப்பட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். மிச்சம், முப்பத்தோராம் பக்கத்து அப்பாவின் மகன். ஆறு வயது. அக்கா கோட்டின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "சொல்லுப்பா" என்றிருக்கிறாள்.

"நலமா நான் நலம் நன்றி" என்றான் அவன், கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் தானே முடித்து.

"இது புத்தகத்துது. உன்னுது?"

"நாளைக்கு."

"ஒத்த வார்த்தை வாக்கியம் ஆகாது. சரி, நாளைக்கே சொல்லு" என்று பேனாவை எடுத்து மூடினாள்.

சனிக்கிழமை காலை செருப்பை மாட்டும்போது இடது தோள் வலிக்கிறது என்றாள். "முப்பத்திநாலு கையெழுத்துக்கே இப்படின்னா, மந்திரிங்க எல்லாம் எப்படிக்கா உயிரோட இருக்காங்க?" என்றேன். சிரித்தாள். "நான் இடது கையாலயாடா எழுதறேன், எஞ்சினியரு?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள். நியாயமான கேள்வி. பதில் தெரிந்திருக்க வேண்டியவன் நான். லிஃப்டில் சின்னச் சத்தம் மாறினால்கூட எந்தப் பாகம் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெயர்.

மற்றதைத் துரை சொல்லித்தான் அறிந்தேன். பத்தேமுக்காலுக்குத் தூங்குமூஞ்சி மிஸ் ஆரம்பித்தது. அக்கா மேசையில் தலை வைத்தாள். குழந்தைகள் மூன்று முறை மணி கேட்டார்கள். எழுந்திருக்கவில்லை. விளையாட்டை நீட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கேட்டார்கள். துரை கிதாரில் தாளம் தட்டினார். கண்ணாடிக்கு வெளியே பெற்றோர் சிரித்தார்கள், ஒருவர் படம்கூடப் பிடித்தார். நான்கு நிமிடம். எந்தப் பாடத்துக்கும் அந்த வகுப்பு அவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லையாம். என் கைப்பேசி அடிப்பதற்குள் மேலும் அரைமணி நேரம் போயிருந்தது. முதலாளியம்மா முதலில் பெற்றோரை அனுப்பிவைத்தார்.

மருத்துவமனையில் படிவம் கொடுத்தார்கள். தொழில் என்ற கட்டத்தில் 'ஆசிரியை' என்று எழுதினேன். குமாஸ்தா அவளுடைய வேலை அனுமதிச் சீட்டைப் பார்த்து, "உதவியாளர்னுதானே இருக்கு" என்று அதை அடித்துத் திருத்தினார். ஒழுங்கான மனிதர். அடித்த இடத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தையும் போட்டார்.

முதலாளியம்மா விழாவை ஒரு வாரம் தள்ளிவைத்தார், மண்டபம் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லி. குழந்தைகளிடம் ஐயோ மிஸ் இங்கிலாந்துக்குப் போய்விட்டார் என்று அறிவித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அந்த நாட்டு விசாவுக்கு அவள் பெயரை யாரும் பரிசீலித்திருக்க மாட்டார்கள். புதன்கிழமை முதலாளியம்மா என்னையும் அழைத்தார். துக்கத்தை முறையாக விசாரித்தார். பிறகு, "நாலு சான்றிதழ் நின்னுபோச்சு. நீங்க கூடப் பொறந்தவர்தானே, அந்தக் கூட்டெழுத்து உங்களுக்கும் வரும் இல்லையா?" என்றார்.

இன்று மாலை துரை வந்தார். பிளாஸ்டிக் உறையில் நான்கு தாள்கள். வாசலிலேயே, என்னைப் பார்த்ததும், "ஐயோ" என்றார். பெரியதில்லை, சின்னது. இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது. உள்ளே வந்து குட்டி நாற்காலியில் உட்காருகிறவர் போல ஓரமாக உட்கார்ந்தார்.

"முதலாளியம்மா என்னைப் போடச் சொன்னது. நான் வீட்டில் எழுதிப் பழகியது. வரவில்லை. அது கஷ்டமான இங்கிலீஷ்."

"அது தமிழ்" என்றேன்.

தலையாட்டினார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு, மேல் தாளில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினார். முப்பத்தோராம் பக்கத்து அப்பாவின் மகனுடையது.

"எல்லாப் பிள்ளையும் கத்துது. நான் பாட்டு. இவன் மட்டும் கிட்டப் போய் அவங்க கை தொட்டுது. அப்புறம் என்கிட்ட வந்து ஒரு வரி சொல்லுது."

"என்ன சொன்னான்?"

துரை அதை ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ் விளையாடவில்லை.

நான் மறுபடி சொல்லச் சொன்னேன். எழுவாய் இருந்தது. துணைவினை இருந்தது, எதிர்மறை அதன் இடத்தில் இருந்தது, கடைசியில் 'இங்' இருந்தது. அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாத வாக்கியம். அவள் விதிப்படி பார்த்தால், கையெழுத்துக்குரியது.

துரை போன பிறகு செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். பதினைந்து இருபது முறை. அச்சு அசலாக வருகிறது, கொம்பு மட்டும் இன்னும் மரியாதையாகவே குனிகிறது.

தாள்கள் நான்கும் மேசையில் இருக்கின்றன. மூன்றில் அந்தக் கோடு வெறுமையாக இருக்கிறது. பையனுடைய தாளில் மட்டும், கோட்டின் இடது முனையில், பேனாவை வைத்து எடுத்த ஒரு கறுப்புப் புள்ளி.